பச்சை டிக் வராத ஆதார்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், யார் யாருடைய பென் டிரைவோ நம் கணினியில்தான் திறக்கும். போன மாதம் சர்வீஸுக்கு வந்த தம்பி, மூன்று கணினியிலும் பிடிஎஃப் கோப்பு திறக்கும் அடோபி ரீடரின் 9ஆம் பதிப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு அப்டேட் வர்றது 2013 ஜூனோட நின்னுபோச்சு" என்றார். புது ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை என்று அர்த்தம். பகீரென்றது.

பிடிஎஃப் என்றால் எழுத்தும் படமும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய கட்டளைகளும் ஓடும். அடோபி ரீடரில் 2009 டிசம்பரில் தெரியவந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையில் அந்த வழியாகத்தான் ஹேக்கர்கள் புகுந்தார்கள். திருத்தம் வந்தது 2010 ஜனவரி 12 அன்று. கோப்பைத் தனியாக அடைத்துவைத்து, கணினியின் மற்ற பகுதிகளைத் தொடவிடாத சாண்ட்பாக்ஸ் பாதுகாப்பே 10ஆம் பதிப்பில்தான் வந்தது.

மூன்றிலும் அதை நீக்கிவிட்டு, சுமத்ரா பிடிஎஃப் என்ற வேறொரு ரீடரைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. அது ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவதில்லை, கோப்பும் சட்டென்று திறக்கிறது.

அடுத்த திங்களே சிக்கல். ஒரு அம்மா இ-ஆதார் (ஆதாரின் பிடிஎஃப் கோப்பு) பிரிண்ட் எடுத்துப் போனார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனவரை, "பச்சை டிக் இல்ல, மஞ்சள் கேள்விக்குறி இருக்கு" என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதார் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இருப்பது கோப்புக்குள். ரீடர் அதைச் சரிபார்த்தால் பச்சை டிக், சரிபார்க்காவிட்டால் மஞ்சள் கேள்விக்குறி. தாளில் அச்சான டிக் எதையும் நிரூபிக்காது. இதை அந்தக் கவுன்டரில் யார் சொல்வது? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சுமத்ரா கையெழுத்தைச் சரிபார்க்காது. மாற்றுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கணினியிலேயே நிரப்புகிற எக்ஸ்எஃப்ஏ வகைப் படிவங்களும் அதில் திறக்காது, 'ப்ளீஸ் வெயிட்' என்றே நிற்கும்.

இப்போது ஒரு மெஷினில் மட்டும் புது அடோபி ரீடர். பிரிஃபரன்சஸில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டேன், புரொடெக்டட் மோட், அதாவது அந்த சாண்ட்பாக்ஸ், ஆனில் இருக்கிறது. ஆதார் தளத்திலிருந்து வாடிக்கையாளர் முன்னால் நாமே இறக்கிய கோப்பைத் தவிர வேறெதையும் அதில் திறப்பதில்லை. கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, கையெழுத்திட்டது யார் என்று சொல்லும் சான்றிதழ் யாருடையது என்று பார்த்து, நம்பகமானவர்கள் பட்டியலான 'டிரஸ்டட் ஐடென்டிட்டீஸ்'இல் சேர்த்தால் டிக் வந்துவிடும். ஒருமுறை செய்தால், அதே சான்றிதழ் வழியில் வரும் மற்ற கோப்புகளுக்கும் தானாக வரும்.

சுமத்ராவையும் போட்டுவிட்டு, அப்டேட் செய்ய மறந்துவிடாதீர்கள். அதற்குள் இருந்து கோப்பைத் திறந்து காட்டும் மியூபிடிஎஃப் இன்ஜினிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பாமல் அதன் சொந்தத் தளத்திலேயே இறக்குங்கள்.

அந்த அம்மாவுக்கு மறுநாள் பச்சை டிக்கோடு எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வியாழக்கிழமை கடை வாசலில் நின்று, "வாங்கிக்கிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.