பேருந்துப் பயமும் ஒரு மலையேற்ற விளையாட்டும்

பதற்ற நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் வீடியோ கேம் விளையாடலாமா என்று, என் கதை தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. விளையாடலாம் என்பதே என் பதில். ஆனால் எந்த விளையாட்டை, எந்த நேரத்தில், எதற்காக என்பதைச் சிகிச்சை தருபவரோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவுதான் எனக்கு மருந்துக்கு இணையாக உதவியது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையம் செல்லும் நகரப் பேருந்தில், காலைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, உயிரே போகப்போகிறது என்று தோன்றியது. அதன் பிறகு பேருந்தைப் பார்த்தாலே உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஈசிஜி, எக்கோ இரண்டும் சரியாக இருந்தன. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். மனநலச் சிகிச்சைக்குப் போகும் முன் யாரும் இதைத் தவிர்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்றார். அந்த இடைவெளியைக் கடப்பதுதான் கடினமாக இருந்தது.

உளவியல் ஆலோசகர் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்தால் என் கவனம் முழுவதும் இதயத் துடிப்பின் மேலேயே போய் நின்றது. பயிற்சியே பதற்றத்தைக் கூட்டியது. இதைச் சொன்னதும் அவர், கண்ணைத் திறந்துகொண்டு பழகலாமே என்று கூறி, 2018இல் வெளிவந்த 'செலஸ்ட்' என்ற கணினி விளையாட்டைப் பரிந்துரைத்தார். மேட்லைன் என்ற இளம்பெண் ஒரு மலையின் உச்சிக்கு ஏறுவதுதான் கதை. அவளுக்கும் என்னைப் போலவே பதற்றத் தாக்குதல்கள் வரும்.

நான்காம் அத்தியாயத்தில் அவள் செல்லும் கம்பிவட ஊர்தி பாதி வழியில் நின்றுவிடுகிறது. திரை இருண்டு அவளுக்கு மூச்சுத் திணறும்போது, கூட இருக்கும் தியோ என்ற நண்பன், கண் முன்னால் ஓர் இறகு மிதப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறான். உடனே திரையில் ஓர் இறகு தோன்றும். பொத்தானை அழுத்தினால் அது எழும், விட்டால் தாழும். மெதுவாக மேலும் கீழும் நகரும் ஒரு கட்டத்துக்குள் அதை நிறுத்தி வைத்திருப்பதுதான் நம் வேலை. அவசரமாக அழுத்தினால் இறகு கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். இறகோடு சேர்த்து மூச்சையும் எழுப்பித் தாழ்த்தப் பழகினேன். கவனம் வைக்க மார்புக்கு வெளியே ஓர் இடம் கிடைத்ததே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. மற்றப் பகுதிகள் கடினமானவைதான். ஆனால் விளையாட்டின் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளும் உதவி வசதி அதிலேயே இருக்கிறது. பதற்றம் உள்ளவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

இரவு நேரத் தொல்லை வேறு வகை. மறுநாள் பேருந்தில் என்ன ஆகும் என்ற காட்சிகள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு, மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டை விளையாடினேன். உளவியல் ஆய்வாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் பாதிக்கும் படக்காட்சிகளைப் பார்த்த பின் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அக்காட்சிகள் திரும்பத் திரும்ப நினைவில் வருவது குறைந்தது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வாகன விபத்துக்குப் பின் அனுமதிக்கப்பட்ட 71 பேரிடம் நடத்திய ஆய்விலும் முதல் வாரத்தில் அதே போக்கு தெரிந்தது. கட்டைகளைச் சுழற்றிப் பொருத்த வேண்டிய மனத்துக்கு, அதே நேரத்தில் வேறு காட்சிகளை வரைய இடம் போதாது என்பது அவர்கள் தரும் விளக்கம். அவை அதிர்ச்சி நினைவுகள் பற்றிய ஆய்வுகள். பதற்ற நோயை டெட்ரிஸ் தீர்க்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு அது, படுக்கப் போகும் முன் மனத்தின் ஓட்டத்தை நிறுத்திக் கொடுத்தது. அவ்வளவே நான் எதிர்பார்த்ததும்.

கைபேசியில் இருந்த அந்த டெட்ரிஸைப் பேருந்திலும் ஆடலாமா என்று ஆலோசகரிடம் கேட்டேன். வேண்டாம் என்று உறுதியாக மறுத்துவிட்டார். விளையாடிக்கொண்டே பயணம் செய்தால், கைபேசி இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். சார்ஜ் தீர்ந்த நாளில் பயம் இரட்டிப்பாகத் திரும்பும் என்று விளக்கினார். பதற்றம் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானாகவே இறங்கிவிடும் என்பதை, எந்தத் துணையும் இல்லாமல் உடம்பே அனுபவித்து அறிய வேண்டும். என் சிகிச்சையில் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆகவே விளையாட்டு வீட்டோடு நின்றது. பேருந்தில் முதலில் கூட்டமில்லாத மதிய வேளையில் ஒரே ஒரு நிறுத்தம், பிறகு பாலக்கரை வரை, அதன் பிறகு காலைக் கூட்டம் என்று படிப்படியாகப் போனேன். நடத்துநர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று நெருக்கும்போது மூச்சு முட்டத் தொடங்கும்; ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த தகட்டில் இறகு மிதப்பதாக நினைத்துக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டபடி நின்றிருப்பேன். சில நாள் அது பலித்தது. சில நாள் பலிக்கவில்லை.

பலிக்காத நாள்களுக்கும் அந்த விளையாட்டிலேயே ஒரு காட்சி இருந்தது. ஆறாம் அத்தியாயத்தில் மேட்லைன் மறுபடியும் இறகை நினைக்க, அவளுடைய அச்சமே உருவெடுத்து வந்த நிழல் அதை வெட்டிப்போடுகிறது. பிறகு அவள் அந்த நிழலை விரட்டுவதை விட்டு, அதனோடு பேசி, சேர்ந்து ஏறுகிறாள். ஆலோசகரும் அந்தக் கட்டத்தில் என்னிடம் இதையே வலியுறுத்தினார்: பதற்றம் வராமல் தடுக்கப் போராட வேண்டாம், அது கூடவே வரட்டும், நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்குங்கள்.

சூதாட்டம் கலந்த இணைய ரம்மியோ, இரவெல்லாம் விழிக்க வைக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளோ இந்தக் கணக்கில் சேரா. எனக்கு அவை படபடப்பைக் கூட்டவே செய்யும். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் நிலையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. இப்போது என் மாத்திரையின் அளவை மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். யாரிடம் போவது என்றே தெரியாமல் இருப்பவர்கள், எந்த நேரத்திலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.