தங்கச்சி குவைத்திலிருந்து வந்த பிறகு

மே 4, 2025

விடியற்காலை மீனம்பாக்கம் போய்த் தங்கச்சியை அழைத்து வந்தோம். வீட்டுவேலைக்கு வளைகுடா போக 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் காத்திருந்து 2022 ஜனவரியில் போனாள். அப்போது அவள் மகள் பாப்பாவுக்கு இரண்டரை வயது. பாட்டியை ஆயா என்றுதான் பாப்பா கூப்பிடுவாள்.

தள்ளுவண்டியோடு அவள் வெளியே வந்ததும் பாப்பா ஆயாவின் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாம் ஆயா." தங்கச்சி அழவில்லை. பெட்டிக்கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

மே 6

"அம்மாவுக்கு போன் போடு பெரிம்மா" என்றாள் பாப்பா. தங்கச்சி எதிரே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவளுக்கு வேலை முடியும்போது இங்கே நள்ளிரவு, பிள்ளை தூங்கிவிடும். 2015-ல் வந்த அந்த நாட்டுச் சட்டத்தில் வீட்டுவேலைக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. தங்கச்சிக்குக் கிடைத்ததோ மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பேசுகிற பத்து நிமிஷம்தான் பாப்பாவுக்கு அம்மா.

மே 9

வியாசர்பாடி முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் "அம்மாவையே மறந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் அப்படிக் கேட்காதீர்கள். என் பால்வாடி வேலைக்கான பயிற்சியில் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவரைப் பற்றிச் சொன்னார்கள். பிரிந்த குழந்தை முதலில் கத்தி அழும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் ஒதுங்கிவிடும் என்று எழுதியவர் அவர். தாய் திரும்பி வந்தால்கூட முகம் திருப்பும். பாப்பா எதையும் மறக்கவில்லை. முதல் மாதம் அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன்.

மே 13

பிள்ளை அம்மாவிடம் ஒட்டட்டும் என்று ஆயா பத்து நாள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் விடவில்லை. ஒருத்தியைப் பிரிந்த பிள்ளைக்கு வளர்த்தவளையும் பிரிக்கலாமா? தங்கச்சிக்கு என்மேல் வருத்தம்தான். அப்புறம் அவளே மூன்று பாயையும் சேர்த்துப் போட்டாள். பாப்பா நடுவில், ஆயா பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 22

இன்று பாப்பா தங்கச்சியிடம் தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்தாள். "இவ்ளோ இறுக்காதம்மா, வலிக்குது" என்று சிடுசிடுத்தாள். தங்கச்சிக்குக் கை நின்றுவிட்டது. சடையை அவிழ்த்து மறுபடி தளர்த்திப் பின்னினாள். பாதியில் ஒரு தடவை பாப்பா தலையைத் திருப்பி, ஆயா வாசலில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.