ஃப்ளஷ்: பதினோராவது வாரத்து சொல்லு

வாரத்துக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லு எடுத்து, அத எல்லா பக்கமும் பொரட்டிப் பாத்து கொப்பில எழுதுறதுன்னு தொடங்கி இது பதினோராவது வாரம். இந்த தடவ ஃப்ளஷ். ஒரு தேயில பெட்டில டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்னு போட்டிருந்துச்சு, எனக்கு தெரிஞ்ச ஃப்ளஷ் கக்கூஸ்ல தண்ணி அடிக்கிறது மட்டுந்தான், அது எப்படி தேயிலைக்கு வந்துச்சுன்னு ராத்திரி பூரா அதே யோசனை.

டிக்‌ஷனரில பாத்தா செடி புதுசா தளிர் விடுறதுக்கும் ஃப்ளஷ்தானாம். அட, நம்ம கொழுந்து! டார்ஜிலிங்ல குளிருக்கு செடி ஒறங்கிரும், மார்ச் பக்கம் வர்ற மொத கொழுந்துதான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ். இலங்கைல நம்ம தலவாக்கலை பக்கம் வருஷம் பூரா எடுக்குறோம், ஒரு வாரம் பத்து நாள்ல அதே மலைக்கு, அதாவது அதே தேயில காட்டுக்கு, திரும்பி போகணும், அதனால மொதலாவது ரெண்டாவதுன்னு இங்க பிரிக்கிறது இல்ல.

அம்மாகிட்ட கேட்டேன். "மழ பெஞ்சு வெயில் அடிச்சா ஒரேயடியா பொங்கி வரும்பா, கூடை சுருக்கா நெறஞ்சிரும்"னாங்க. அந்த பொங்கி வர்றதுலதான் எனக்கு முடிச்சு அவுந்துச்சு. தண்ணி பாயுறது, காய்ச்சல்ல மூஞ்சில ரத்தம் ஏறி செவக்குறது, பொதருக்குள்ள இருக்குற பறவைய வெரட்டி பறக்க விடுறது, கையில காசு பொரள்றது, எல்லாமே ஃப்ளஷ்தான், எல்லாத்துலயும் திடீர்னு ஒண்ணு கெளம்பி வருது. வெக்கத்துல மட்டும் செவந்தா அதுக்கு ப்ளஷ், கோவம் காய்ச்சல் வெக்கை எதுக்குன்னாலும் ஃப்ளஷ், இந்த ரெண்டையும் நான் ரொம்ப நாளா ஒண்ணுன்னே நெனச்சிருந்தேன்.

மல்லுக்கட்டினது ஒரு அர்த்தத்தோட மட்டுந்தான். கதவு செவுரோட மேடுபள்ளம் இல்லாம ஒரே மட்டமா இருந்தா ஃப்ளஷ் வித் த வால். மூணு நாள் பிடிபடல, பொறகு கொழுந்து எடுக்கையில மட்டம் பாக்க அம்மா செடி மேல வைக்கிற மட்டக்கம்பு ஞாபகம் வந்துச்சு, அந்த மட்டந்தான் இது. இதுல வித் விடக்கூடாது.

கொப்பில மொதல்ல த டீ இஸ் ஃப்ளஷ்னு எழுதி வெட்டிட்டேன், த புஷ்ஷஸ் ஆர் ஃப்ளஷிங்னாத்தான் கொழுந்து விடுதுன்னு அர்த்தம் வரும்.

அடுத்த வாரம் வித்தர். ஃபெக்டரில மேல் மாடில கொழுந்த வாட்டுறாங்களே, அந்த சொல்லு.