அம்மாவை மாற்றச் சொல்கிறார்கள்

ஜூன் 7, 2025, சனிக்கிழமை, அல்சூர்

ஹான்சல், கிரெட்டல் கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்து இளையோருக்காக நான் எழுதும் நாவலின் இரண்டாவது வரைவை அனுப்பி மூன்று வாரங்கள் ஆன பிறகு, பதிப்பாசிரியரின் கடிதம் இன்று காலை வந்தது. 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பெங்களூரை நோக்கி நடக்கும் மாதியும் அவள் தம்பி சின்னானும் தம் மனத்தை விட்டு அகலவில்லை என்று எழுதியிருக்கிறார். அரிசி மூட்டை அடுக்கிய வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தேற்றி, நடக்கத் தெம்பு வந்ததும் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் விற்றுவிடும் கிழவியையும் அவருக்குப் பிடித்திருக்கிறது. அவள் தன் அடுப்பிலேயே எரிந்து சாகும் அத்தியாயத்தில் ஒரு சொல்லையும் தணிக்க வேண்டாம் என்கிறார்.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமாம். பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளால் தாங்க முடியாதாம். அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டால் நாவலை உடனே அச்சுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு கிழவி உயிரோடு எரிவதைத் தாங்குகிற பிள்ளைகள், பசியால் கலங்கிப்போன ஒரு தாயைத் தாங்க மாட்டார்கள் என்று அவர் நம்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதில் இன்னும் எழுதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இந்தக் கோரிக்கைக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிடலாம் என்று இரவில் கணவனிடம் சொல்பவள் அவர்களைப் பெற்ற தாய்தான். 1840-ல் வந்த நான்காம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். வெண்பனி என்னும் இளவரசியைக் கொல்லச் சொல்லும் அரசியும் 1812-ல் பெற்ற தாயாகத்தான் இருந்தாள். அவளை 1819-லேயே மாற்றிவிட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு கதைகளைத் திருத்தி இழைத்தவர் பெரும்பாலும் தம்பி வில்ஹெல்ம்தான். தாய்மை களங்கப்படலாகாது என்று நினைத்த ஒரு காலத்தின் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றபடி அவர் கதைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். சிண்ட்ரெல்லா கதையில் செருப்புக்காகக் குதிகாலை வெட்டுவதுகூட அவர் கையில் தப்பிப் பிழைத்தது. தாய் தப்பவில்லை.

இந்தத் திருத்தத்தால் கதையிலிருந்து பசி வெளியேறிவிட்டது என்பதே என் மனக்குறை. மாற்றாந்தாய் பிள்ளைகளை விரட்டினால் வாசகர் காரணம் கேட்பதில்லை. கொடியவள், விரட்டினாள், அவ்வளவுதான். பெற்றவளே விரட்டினால், வீட்டில் என்ன நடந்தது, பானையில் என்ன இருந்தது, எத்தனை நாளாக இருந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு இந்தக் கதையில் ஒட்டியிருப்பதாகச் சொல்வோர் உண்டு. அதை மெய்ப்பிக்க வழியில்லை என்றாலும், மூலத்தில் அந்தக் காட்டு வீட்டின் சுவர் ரொட்டியால் ஆனது என்பதை நான் மறப்பதில்லை. கூரைதான் அப்பம், சன்னல்தான் சர்க்கரை. படப் புத்தகங்கள் அதை முழு மிட்டாய் வீடாக்கிவிட்டன. மிட்டாய் ஆசைப்படுபவனின் கனவு. ரொட்டிச் சுவரைப் பட்டினி கிடப்பவன்தான் கனவு காண்பான்.

நம் மொழியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மாற்றாந்தாய் என்று யாரும் வீட்டில் கூப்பிடுவதில்லை. அவளும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். என் அக்கா மகள் என்னைக் கூப்பிடுவதும் அந்தச் சொல்லால்தான். சிறுமியாக இருந்தபோது ஒரு கதை முடிந்ததும் அவள் என் மடியிலிருந்து நிமிர்ந்து, “சித்தின்னாலே கெட்டவங்களா சித்தி?” என்று கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் நினைவில்லை. கேள்வி மட்டும் நிற்கிறது.

ஜூன் 12, வியாழன்

மாலை முழுவதும் மழை. நான்காம் அத்தியாயத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்தேன்.

மூலக் கதையில் இரண்டாம் முறை போகும்போது ஹான்சல் வழியெல்லாம் ரொட்டித் துணுக்குகளைப் போடுகிறான், பறவைகள் தின்றுவிடுகின்றன. பஞ்ச காலத்துப் பிள்ளையின் கையில் வழியில் போடுவதற்கு ரொட்டி ஏது? முந்தைய வரைவில் சின்னான் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டே போனான், மழையில் அவை அடித்துப் போயின. பஞ்சத்தில் மழையைக் கொண்டுவந்தது என் பிழை. புளியங்கொட்டையையும் வறுத்து இடித்துத் தின்ற காலம் அது. இப்போது அவர்களுக்குப் பின்னால் நடந்து வருபவர்கள், எதற்காகக் கிடக்கிறது என்று தெரியாமலே, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிடுகிறார்கள். மாதி திரும்பிப் பார்க்கையில் கடைசிக் கொட்டை ஒரு கிழவரின் வாயில் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று கப்பன் பூங்காவிலுள்ள மாநில மத்திய நூலகத்தில் உட்கார்ந்து, பழைய குறிப்புகளை மறுபடி சரிபார்த்தேன். 1871-ல் மைசூர் அரசின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். 1881-ல் சுமார் 42 லட்சம். இடையில் இருப்பது 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம். ஓசூர் அப்போது சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாகாணத்தில் 1877-ன் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாள் கூலியை ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நாள் முழுதும் கல்லுடைத்த ஒருவனுக்கே போதாத அந்த ஒரு ராத்தலை நான்கு வாய்களுக்குப் பங்கிட வேண்டிய பெண்தான் என் நாவலின் தாய். அவள் இரவில் கணவனிடம் பேசும் பேச்சு ஒரு கணக்கு. கொடியவளாக அவளைத் தீட்ட வேண்டிய தேவை எனக்கு எந்த இடத்திலும் வரவில்லை.

ஆனால் இருட்டை எவ்வளவு காட்டுவது என்ற கேள்வி உண்மையானது. அதில் பதிப்பாசிரியரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஹூப்பர் என்ற படை அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எடுத்த நிழற்படங்களை முன்பே பார்த்திருக்கிறேன். எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள். படம் எடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. என் நாவலில் யாருடைய விலா எலும்பையும் எண்ணக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். சட்டியைச் சுரண்டும் ஓசை இருக்கலாம், குழந்தை அழுகையை நிறுத்திவிட்ட வீடு இருக்கலாம். இளையோருக்கு எழுதும்போது இருட்டுக்கு அளவு வேண்டும் என்றால், அந்த அளவு இங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யார் செய்தார் என்பதை மறைப்பதால் அது கிடைக்காது.

ஜூன் 21, சனி

அக்கா மகளுக்குப் பதினாறு வயது. காக்ஸ் டவுனிலிருந்து வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். பள்ளியில் அவளுக்குத் தமிழ் இல்லை; தமிழ்ச் சங்கத்து நூலகத்திலிருந்து நான் எடுத்துவரும் புத்தகங்களில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். அதனால் வரைவை மெதுவாகவே படித்தாள். சில இடங்களை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னாள்.

முடித்ததும் அவளிடம் எதுவும் கேட்காமல் இருந்தேன். காட்டில் விடும் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள்: “அன்னைக்கு ராத்திரி அவங்க அம்மா என்ன சாப்பிட்டாங்க?”

அதை நான் எழுதவே இல்லை. பிள்ளைகளோடு காட்டுக்குள் போய்விட்டேன். வீடு திரும்பிய அந்தப் பெண்ணோடு நான் போகவில்லை. மூலக் கதையும் போகவில்லை. பிள்ளைகள் பொன்னும் மணியுமாகத் திரும்பும்போது தாய் இறந்துவிட்டாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எப்படி இறந்தாள் என்று சொல்வதில்லை. மாற்றாந்தாய் என்றால் அந்த ஒரு வரி போதும், தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம். பெற்றவள் என்றால் போதாது.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவுக்கு எண்பத்தொன்று. கிருஷ்ணகிரியில் சிறுமியாக இருந்தபோது அவளுடைய ஆத்தா பெரிய எழுத்துப் புத்தகத்தைப் பார்த்து நல்லதங்காள் கதையை ராகம் போட்டுப் படிக்கக் கேட்டவள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்த நல்லதங்காளை அவள் இன்று எங்களுக்குப் பாதி பாட்டும் பாதி பேச்சுமாகச் சொன்னாள். அக்கா மகள் முழுக்கக் கேட்டாள்.

அந்தக் கதையில் யாரும் நல்லதங்காளை மாற்றாந்தாய் ஆக்கவில்லை. பெண்கள் அவளுக்காக அழுதார்கள், அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. பிள்ளைகளைக் கொன்ற தாயை வைத்துக் கும்பிடும் அளவுக்குப் பசியை அறிந்திருந்த மக்களின் மொழியில் எழுதுகிறேன். வயது வந்தவர்களோடு சேர்ந்து திண்ணையில் உட்கார்ந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இதைக் கேட்டு வளர்ந்தார்கள். அம்மா முதன்முதலில் கேட்டபோது அவளுக்கு ஒன்பது.

ஜூலை 2, புதன்

பதிப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன். அவள் தாயாகவே இருப்பாள் என்றும், அவளுக்காக ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுதுகிறேன் என்றும், அதைப் படித்த பிறகும் அவர் மனம் மாறாவிட்டால் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

அத்தியாயம் முடிந்தது. நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் அவள் அழுதாள். நான்காவதில் அழவில்லை.

காட்டிலிருந்து திரும்பியதும் அவள் வழக்கப்படி அடுப்பு மூட்டுகிறாள். அன்றைய தானியத்தை இரண்டு பேருக்கு என்று அளக்காமல், கை பழகியபடி நான்கு பேருக்கு அளந்து கூழ் காய்ச்சிவிடுகிறாள். கணவனுக்கு ஊற்றுகிறாள். மீதியை மூடி வைத்துவிட்டு வாசற்படியில் உட்காருகிறாள். மறுநாளும் அதை அவள் தொடுவதில்லை. அதற்கும் மறுநாள் கூழ் புளித்து நுரைத்த பிறகு, அண்டை வீட்டுக்காரி வந்து, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். “பிள்ளைங்க வந்துடுவாங்க” என்கிறாள் அவள்.