துணை மாறினால் அடையாளமும் மாறுமா?

ஓடிடி தளம் ஒன்றுக்காகத் தொடர்களையும் அவற்றின் பாத்திரங்களையும் வகைப்படுத்திக் குறிப்பெழுதுவது என் வேலை. பார்வையாளர் தேடும்போது எந்தத் தொடர் கண்ணில் படும் என்பதைப் பெருமளவு இந்தக் குறிப்புகளே முடிவுசெய்கின்றன. நான் சேர்ந்த காலத்தில் படிவத்தில் பாலீர்ப்புக்கென்று, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர் மீது காதல் ஈர்ப்பு என்பதற்கென்று, இருந்தவை இரண்டே தெரிவுகள்: எதிர்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பு. அதிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரின் டாக்டர் கேலி டோரஸ் அந்தப் படிவத்திடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜார்ஜை மணந்திருந்தபோது எதிர்பாலீர்ப்பு. அரிசோனா என்ற பெண்ணைக் காதலித்தபோது தன்பாலீர்ப்பு. நடுவில் மார்க்கின் குழந்தையைச் சுமந்ததும் மறுபடியும் பழைய கட்டத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவள் மனம் என்னவோ மாறவே இல்லை. அந்த சீசனில் யாருடன் இருக்கிறாள் என்பதை மட்டும் வைத்து அவள் யார் என்று படிவம் தீர்மானித்தது.

இதைச் சுட்டிக்காட்டி, இரு பாலினத்தவர் மீதும் ஈர்ப்புள்ளவர்களுக்காக 'இருபாலீர்ப்பு' என்றொரு தெரிவு வேண்டும் என்றபோது, "மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள்" என்றார் மேலதிகாரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டப் பேராசிரியர் கென்ஜி யோஷினோ 2000-இல் எழுதிய கட்டுரையில், இருபாலீர்ப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதில் எதிர்பாலீர்ப்பினர், தன்பாலீர்ப்பினர் ஆகிய இரு தரப்புக்குமே ஆதாயம் உண்டு என்று வாதிட்டார். இடையில் ஒருவர் நின்றால் இரு தரப்பின் எல்லைக்கோடும் ஆட்டம் கண்டுவிடும். எங்கள் படிவம் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

2017 டிசம்பரில் 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரின் ரோசா டியாஸ், தான் இருபாலீர்ப்புடையவள் என்று உடன் பணிபுரிபவர்களிடமும் பெற்றோரிடமும் வாய்விட்டுச் சொன்னாள். நடித்த ஸ்டெஃபனி பியாட்ரிஸும் இருபாலீர்ப்புடையவரே. பார்ப்பவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், அந்தச் சொல்லையே பாத்திரத்தின் வாயில் வைத்தது எங்களுக்குப் பெரிய பலம். அந்த எபிசோடுகளைக் காட்டித்தான் தனித் தெரிவு கேட்டு வாதாடினோம். கிடைத்தது. 2022-இல் 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடர் வந்தபோது, அதில் வரும் இருபாலீர்ப்புடைய நிக் நெல்சனுக்கு என்ன எழுதுவது என்று யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே சரியாக எழுதிவிட்டார்கள். அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது.

இன்னும் தீராதது 'பஃபி' தொடரின் வில்லோ. ஓஸ் என்ற இளைஞனை உயிராய் நேசித்தவள், பிறகு தாராவைக் காதலித்து, தன்னைத் தன்பாலீர்ப்பினள் என்றே சொல்லிக்கொள்கிறாள். அவளை இருபாலீர்ப்புக்கு மாற்ற வேண்டும் என்கிறார் இளைய சக ஊழியர் ஒருவர். ஓஸ் மீதான காதல் பொய்யில்லை என்ற அவருடைய வாதம் நியாயமானதுதான். ஆனாலும் ஒருத்தி தன்னைப் பற்றிச் சொன்னதைத் திருத்த என் கை எழவில்லை. என் கோபமெல்லாம், அவளுக்கு இன்னொரு வழியும் உண்டு என்று பேசத் துணியாத அந்தக் காலத் தொலைக்காட்சியின் மீதுதான். அந்தக் குறிப்பை இப்போதைக்கு மாற்றாமல் வைத்திருக்கிறேன். அவரும் விடுவதாயில்லை.