கறுத்துப்போன சிவப்புச் சட்டை

என் மேசை மேல் ஒரு பழைய சிப்பாய்ப் புகைப்படத்தின் பிரதி சட்டமிட்டு நிற்கிறது. அடியில் மதராஸ் காலாட்படை, ஹவில்தார் என்று எழுதியிருக்கும். அக்காள் மகன் அதைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் கொடுத்து வண்ணமேற்றிச் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சட்டை கருநீலம். “எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டிருந்தான். நேர்த்தியாகத்தான் இருந்தது, ஆனால் சட்டையின் நிறம் தவறு.

மதராஸ் காலாட்படைக்காரர் அணிந்தது சிவப்புச் சட்டை. 1851 இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் என்ற புகைப்பட முறையில், கண்ணாடித் தட்டு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக மசியும். சிவப்பு அதன் கண்ணில் படவே படாது. ஆகவே செக்கச்செவேலென்ற சட்டை அச்சில் கரியாக இறங்கும், நீலமோ வெளிறிப் போகும். 1873 இல் ஹெர்மன் ஃபோகல் தட்டில் சாயம் சேர்த்துப் பச்சை வரை உணரச் செய்தார் என்றாலும், சிவப்பையும் பதியும் தட்டுகள் கடைக்கு வருவதற்குள் விக்டோரியா அரசியாரின் காலமே முடிந்துவிட்டது.

என் படத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஹவில்தாரின் மார்பில் தொங்கும் பதக்கத்தின் நாடாவில், வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடுகள் இரண்டு தெரிகின்றன. அது 1857 கிளர்ச்சியை அடக்கியவர்களுக்குத் தரப்பட்ட பதக்கம் (நமக்குக் கசக்கும் பதக்கம்தான்). அதன் நாடாவில் இருப்பவை சிவப்புக் கோடுகள். கோடு கறுத்ததுபோலவே சட்டையும் கறுத்திருக்கிறது. அவருடைய பூட்ஸுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் பாதம் ஒன்றும் எட்டிப் பார்க்கிறது. படம் பதியச் சில விநாடிகள் ஆகும் என்பதால், தலை அசையாதிருக்கப் பின்னாலிருந்து இடுக்கி கொடுத்துப் பிடிப்பார்கள். அந்த விறைப்பை வெறும் மிடுக்கென்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்த இந்தச் சிங்கப்பூர்த் தீவில், மதராஸ் பட்டாளங்கள் பல ஆண்டுகள் காவலுக்கு நின்றன. இன்று பொது மருத்துவமனை இருக்கும் ஊட்ரம் பக்கத்துக்கு அவர்களால்தான் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர் வந்தது. நம் வெயிலில், கழுத்துவரை பொத்தானிட்ட கம்பளிச் சட்டையோடு அணிவகுப்பு என்றால் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனை உட்கார வைத்துச் சட்டையைச் சிவப்பாக்கினோம். நாடாவின் கோடுகளும் சிவந்தன. கைமடிப்பில்தான் மாட்டிக்கொண்டோம். படைக்குப் படை அதன் நிறம் மாறும். இந்தப் படத்தில் அது கறுப்பாக விழுந்திருப்பதால் வெள்ளை அன்று என்பது மட்டும் உறுதி, ஆனால் மஞ்சளும் பச்சையும் இந்தத் தட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருளும். படைப்பிரிவின் எண்ணோ படத்தில் எங்கும் இல்லை. “மஞ்சளே போடலாமே மாமா, எடுப்பா இருக்கும்” என்றான். கைமடிப்பை மட்டும் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டோம்.