பழைய பெட்டிக்கு இரண்டு புது மூளை

வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பிழைப்பு அலுத்துப்போய், என் எச்பி இசட்620 கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு ஜியான் இ5-2620 பிராசசர் சிப்களையும் கழற்றிவிட்டு, பழசாக வாங்கிய இ5-2680 வி2 ஜோடியைப் போட்டேன். கணக்குப் போடும் கோர்கள் மொத்தம் 12-இலிருந்து 20 ஆனது. வாங்குமுன் பயாஸில் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) அதன் ஆரம்பப் பகுதியான பூட் பிளாக்கின் தேதியைப் பார்த்தது நல்லதாயிற்று: 2013. அதுவே 2011 என்றிருந்தால் இந்த வி2 சிப்கள் ஓடாது. பயாஸை அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது.

இந்தப் பெட்டியில் இரண்டாவது பிராசசர் தனி போர்டில் உட்காரும், தன் பங்கு ராம் மெமரியோடு. அதை நான் சரியாக அழுத்தவில்லை. ஆன் செய்தால் பாதி கோர் காணோம், ராமிலும் ஒரு பங்கு காணோம்! போலி சிப்போ என்று ஒரு மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. திரும்பக் கழற்றி அழுத்தி மாட்டினேன், எல்லாம் வந்தது. சிப்பின் சூடு கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்தான் இன்னும் நகத்திடுக்கில்.